ஹாங்காங்கிலிருந்து நாஞ்சிங் வரை: சன் யாட் சென்னின் அரசியல் சிந்தனையைத் தேடி ஒரு பயணம்

சனிக்கிழமை, ஹாங்காங்

சிங் வம்சத்தின் ஆட்சி 1912 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசரைத் தவிர வேறு ஆட்சியை அறிந்திராத ஏறத்தாழ 40 கோடிச் சீன மக்கள் குடியரசின் குடிமக்கள் ஆனார்கள். அந்தக் குடியரசுக்காக நாடு நாடாக அலைந்த சன் யாட் சென்னின் வாழ்க்கைக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். என்னை ஈர்ப்பது, அவர் கடைசி வரை விடாமல் மல்லுக்கட்டிய ஒரு கேள்வி: ஆள்வதற்குப் பழகாத மக்களிடம் ஆட்சியுரிமையை எப்படி ஒப்படைப்பது, அதற்கு அவர்களைப் பழக்குவது யார்? அந்தக் கேள்வி பிறந்த ஊர்களையும் விடைகள் முறிந்த ஊர்களையும் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் மலைச்சரிவில் ஏறும் தெருக்களில் அவருடைய இளமைக் காலம் சிதறிக் கிடக்கிறது. 1887 முதல் 1892 வரை இங்கே மருத்துவம் படித்தபோது, காஃப் தெரு 24-ஆம் எண்ணில் இருந்த நண்பரின் குடும்பக் கடையில் நால்வர் கூடி அரசை எதிர்த்துப் பேசுவார்கள். ஊரார் அவர்களுக்கு 'நான்கு பெருங்கொள்ளையர்' என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் அவர் எடுத்த எடுப்பில் புரட்சிக்காரராகிவிடவில்லை. 1894-இல் பேரரசின் மூத்த அமைச்சரான லி ஹோங்ஜாங்குக்கு ஏறத்தாழ 8,000 எழுத்துகளில் ஒரு விண்ணப்பம் எழுதி வடக்கே தியான்ஜின் வரை சென்றார். மனிதரின் திறமை முழுவதும் பயன்பட வேண்டும், நிலத்தின் வளம் முழுவதும் கிடைக்க வேண்டும், பொருள்கள் முழுமையாகப் பயன்பட வேண்டும், வணிகம் தடையின்றி ஓட வேண்டும் என்ற நான்கே கருத்துகள்தான் அதன் சாரம். ஜப்பானுடன் போர் மூண்டிருந்த அந்த வேளையில் அதற்குப் பதிலே வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஹோனலூலுவில் அவர் சீன மறுமலர்ச்சிச் சங்கம் என்ற புரட்சி அமைப்பைத் தொடங்கினார். 1895 தொடக்கத்தில் அதன் ஹாங்காங் கிளை ஸ்டான்டன் தெரு 13-ஆம் எண்ணில் ஒரு வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இயங்கியது. இன்று அங்கே ஒரு நினைவுப் பலகை மட்டும் நிற்கிறது, சுற்றிலும் உணவகங்கள்.

மாலையில் ஹேப்பி வேலி கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றேன். அந்தச் சங்கத்தின் ஹாங்காங் கிளைக்கு முதல் தலைவர் சன் அல்லர், யெங் கூ-வான் என்றும் யாங் சூயுன் என்றும் அழைக்கப்படுபவர். கேஜ் தெரு 52-ஆம் எண் வீட்டில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவரை 1901 ஜனவரியில் சிங் அரசின் கையாள்கள் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய கல்லறையில் பெயர் இல்லை. பாதியில் முறிந்த ஒரு தூணும், 6348 என்ற எண்ணும் மட்டுமே உள்ளன. தலைவராக இருந்தவர் வெறும் எண்ணாகவும், அடுத்திருந்தவர் தேசத் தந்தையாகவும் நினைவில் நிற்பதைப் பார்க்கும்போது, இந்த இயக்கத்தின் சிந்தனை ஒருவருடையது மட்டுமன்று என்பதை மறக்கக் கூடாது என்று தோன்றியது.

1923 பிப்ரவரியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பேசிய சன், தம்முடைய புரட்சிக் கருத்துகள் எங்கிருந்து வந்தன என்று பலர் கேட்கிறார்கள், அவை இதே ஹாங்காங்கில்தான் கிடைத்தன என்றார். இங்கே தெருக்கள் ஒழுங்காக இருந்தன, அதிகாரிகளிடையே ஊழல் விதிவிலக்காக இருந்தது; 50 மைல் தொலைவில் இருந்த தம் சொந்த ஊரிலோ ஊழலே விதியாக இருந்தது. இந்த ஒப்பீட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அவர் வியந்த ஹாங்காங்கில் சீனருக்கு வாக்குரிமை இல்லை. அவர் கண்ட ஒழுங்கு, மக்களைக் கேளாமல் மேலிருந்து திறமையாக நடத்தப்பட்ட நிர்வாகத்தின் ஒழுங்கு. முதலில் நல்ல நிர்வாகம், பிறகு மக்களுரிமை என்று அவர் பின்னாளில் வகுத்த வரிசைக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை, சுய்ஹெங்

கடலின் மேல் 55 கிலோமீட்டர் நீளும் பாலத்தைப் பேருந்தில் கடந்து ஜுஹாய் வந்து, அங்கிருந்து வடக்கே சுய்ஹெங் கிராமம். 1866 நவம்பர் 12-இல் அவர் பிறந்த இந்த வட்டத்தின் பெயர் அன்று சியாங்ஷான். அவர் இறந்த 1925-இல் அவருடைய பெயரால் ஜோங்ஷான் ஆனது.

ஹவாயில் உழைத்துப் பொருள் சேர்த்த அண்ணன் சன் மெய் அனுப்பிய பணத்தில், 1892-இல் சன்னே வரைபடம் போட்டுக் கட்டிய இரண்டு மாடி வீடு இன்றும் நிற்கிறது. முற்றத்தில் நம் கண்ணை உடனே இழுப்பது ஒரு புளியமரம். ஹோனலூலுவில் படித்துவிட்டு 1883-இல் திரும்பியபோது அவர் கொண்டுவந்து நட்டது. பின்னாளில் ஒரு சூறாவளி அதைச் சாய்த்துவிட, படுத்த வாக்கிலேயே வேர் பிடித்து, அடிமரம் தரையோடு தவழ்ந்து, கிளைகள் மட்டும் மேலே நிமிர்ந்திருக்கின்றன. சிற்றிலைகள் வரிசை பிடித்த அந்தக் கொத்தை அருகில் நின்று பார்த்தேன். நம் சாலையோரப் புளியின் அதே இலைதான்.

சிங் ஆட்சியை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சியில் போரிட்டு மீண்ட முதியவர் ஒருவர் ஊரின் பெரிய ஆலமரத்தடியில் சொன்ன கதைகளைச் சிறுவனாக இவர் கேட்டு வளர்ந்தார். மஞ்சு இனத்தவரான சிங் வம்சத்தின் ஆட்சியை எதிர்ப்பது என்ற உணர்வு அங்கே தொடங்கியது. ஹவாயிலிருந்து திரும்பிய கையோடு, நண்பர் லூ ஹாவ்தோங்குடன் சேர்ந்து ஊர்க் கோயில் சிலையை உடைத்ததால் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அவருடைய முதற்கட்டத் தேசியம் எளிமையானது, கொஞ்சம் கரடுமுரடானது: அந்நியரான மஞ்சுக்களை விரட்டு, சீனத்தை மீட்டெடு. சங்கத்தின் உறுதிமொழியே இப்படித்தான் தொடங்கியது. ஆனால் 1906 டிசம்பரில் டோக்கியோவில் பேசும்போது, நாம் வெறுப்பது மஞ்சு மக்களை அன்று, நமக்குத் தீங்கு செய்யும் ஆட்சியை என்று அவர் திருத்திச் சொன்னார். இரண்டும் ஒன்றன்று. இந்தத் திருத்தத்தைச் செய்யாத தோழர்கள் பலர் அந்த இயக்கத்தில் இருந்தார்கள்.

இந்த ஊரைப் பார்த்த பிறகு தேசியம், மக்களாட்சி, மக்கள் வாழ்வு என்ற அவருடைய மூன்று கோட்பாடுகளுள் கடைசியானதும் எங்கோ நூலகத்தில் மட்டும் பிறந்ததாகத் தோன்றவில்லை. தந்தை சொற்ப நிலத்தில் பாடுபட்ட ஏழை உழவர். 1905-இல் டோக்கியோவில் உருவான ஐக்கியக் கழகம் என்ற புரட்சி அமைப்பின் உறுதிமொழியில் 'நில உரிமையைச் சமப்படுத்துவோம்' என்ற வரியைச் சேர்த்தவர் சன். அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜின் நில வரிக் கொள்கையிலிருந்து கிளைத்த அந்த ஏற்பாடு, கேட்பதற்கு எளிதானது. நிலத்தின் மதிப்பை உரிமையாளரே அரசிடம் அறிவிக்கட்டும். அந்த மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வரி. ஆனால் அறிவித்த விலைக்கே நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் நிலம் போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி ஏறிவிடும். ஆகவே உண்மையான விலையைச் சொல்வதே அவருக்கு நல்லது. அதன் பிறகு சாலை வந்து, ரயில் வந்து, நகரம் வளர்ந்து ஏறும் விலை எல்லாம் உரிமையாளருக்கு அன்று, அந்த ஏற்றத்தை உண்டாக்கிய பொதுமக்களுக்கே சேர வேண்டும். உழவரின் குத்தகைச் சுமைக்கு இது நேரடியான தீர்வு ஆகாது. நகரத்து நிலத்துக்கே பொருந்தும். அந்தக் குறையை உணர்ந்தவர் போல, 1924-இல் 'உழுபவனுக்கே நிலம்' என்பதையும் அவர் சொல்லத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை, குவாங்சோ

காலையில் ஹுவாங்ஹுவாகாங். 1911 ஏப்ரல் 27-இல் சன்னின் தோழர் ஹுவாங் சிங் தலைமையில் நடந்த எழுச்சியில் உயிரிழந்தவர்களுள் 72 பேரின் உடல்கள் இங்கே அடக்கம் செய்யப்பட்டன. அதற்கான திட்டம் நம்மவர் பலரும் நன்கறிந்த பினாங்கில் 1910 நவம்பரில் முடிவானது. பணத்தில் பெரும்பகுதி தென்கடல் நாடுகளின் சீனர் கொடுத்தது. கல்லறைக்குப் பின்னால் 72 கற்களை அடுக்கிய மேடை. உச்சியில் கையில் தீப்பந்தத்துடன் சுதந்திர தேவியின் சிலை. கற்களில் வெளிநாட்டுக் கட்சிக் கிளைகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சீனத் தேசியம் வெளிநாட்டு மண்ணிலிருந்து எவ்வளவு வலு பெற்றது என்பதைக் காட்ட இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பிற்பகலில் சன் யாட் சென் நினைவு மண்டபம். நீல ஓடு வேய்ந்த இந்த எண்கோணக் கட்டடம், அவர் தெற்கில் தனி அரசு நடத்தியபோது அவருடைய அதிபர் மாளிகை இருந்த இடத்தில் எழுந்தது. 1922 ஜூன் 16-இல் குவாங்டோங் படைத்தலைவர் சென் ஜியோங்மிங்கின் படைகள் இங்கேதான் பீரங்கி கொண்டு தாக்கின. சென் வெறும் துரோகி என்று சன்னின் கோமிண்டாங் கட்சியின் வரலாறு சொல்லும். ஆனால் அவர் மாகாணங்களின் கூட்டாட்சியை விரும்பியவர். படை திரட்டி வடக்கை வென்று நாட்டை ஒன்றாக்க வேண்டும் என்ற சன்னின் திட்டத்தோடு அது ஒத்துப்போகவில்லை. இருவருக்கும் இடையே இருந்தது பதவிச் சண்டை மட்டுமன்று, கொள்கைச் சண்டையும் கூட. அந்தத் தாக்குதலில் சன் உயிர் தப்பினார். பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த மூன்று கோட்பாடுகளின் கையெழுத்துப் படியும், திரட்டிய நூற்றுக்கணக்கான வெளிநாட்டு நூல்களும் தீக்கிரையாயின.

புதன்கிழமை, குவாங்சோ

எழுதியது எரிந்துவிட்டதால்தான் அவர் பேச வேண்டியதாயிற்று. வென்மிங் சாலையில் மஞ்சள் வண்ணக் கடிகாரக் கோபுரக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அன்றைய குவாங்டோங் ஆசிரியர் கல்லூரியின் ஒரு பகுதி. 1924 ஜனவரி 20-இல் கோமிண்டாங் கட்சியின் முதல் மாநாடு கூடிய இடம். அந்த மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, ஜனவரி 27-இல், அதே கல்லூரியின் அரங்கில் அவர் தொடர் சொற்பொழிவைத் தொடங்கினார். ஆகஸ்ட் வரை 16 உரைகள்: தேசியம் பற்றி ஆறு, மக்களாட்சி பற்றி ஆறு, மக்கள் வாழ்வு பற்றி நான்கு. கடைசிப் பகுதி முற்றுப்பெறவே இல்லை. ஒருவர் கேட்டு எழுத, மற்றொருவர் படித்துத் திருத்த, நூலானது அந்தப் பேச்சு. ஆகவே அதில் ஏட்டுத் தமிழ் போன்ற இறுக்கம் கிடையாது; எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டுமே என்ற தவிப்பு உண்டு.

சீனர்களுக்குக் குடும்பப் பற்றும் குலப் பற்றும் உண்டு, தேசப் பற்று இல்லை. ஆகவே அவர்கள் பிடிக்குள் நிற்காத மணல் என்றார். அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டை என்று நாம் சொல்வோம். மேற்கில் தனிமனித விடுதலைக்காகப் போராட வேண்டியிருந்தது. சீனத்திலோ தனிமனிதருக்கு விடுதலை மிகுந்து, நாட்டுக்குத்தான் விடுதலை இல்லை என்பது அவருடைய வாதம். கொரியாவைப் போன்ற ஒரு குடியேற்ற நாட்டுக்கு எசமானர் ஒருவரே. சீனத்துக்கோ ஒப்பந்தம் போட்ட நாடுகள் அனைத்தும் எசமானர்கள், ஆனால் பஞ்சம் வந்தால் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. ஆகவே சீனம் குடியேற்ற நாட்டினும் தாழ்ந்தது என்றார். மஞ்சுவை எதிர்த்த பழைய தேசியம் இங்கே வல்லரசுகளை எதிர்க்கும் தேசியமாக முழுமையாக உருமாறிவிட்டது.

உலகமே ஒரு குடும்பம் என்று பேசிய இளைஞர்களுக்கு அவர் ஒரு கதை சொன்னார். ஹாங்காங் துறைமுகத்தில் மூங்கில் கழியால் சுமை தூக்கிப் பிழைத்த ஒருவன் லாட்டரிச் சீட்டு வாங்கி, வைக்க இடமில்லாததால் கழியின் துளைக்குள்ளேயே செருகி வைத்தான். முதல் பரிசு அவனுக்கே விழுந்தது. இனி சுமை தூக்க வேண்டாம் என்ற மகிழ்ச்சியில் கழியைக் கடலில் வீசினான். சீட்டும் அதனோடு போயிற்று. உலக ஒருமை பரிசுச் சீட்டு என்றால், தேசியம் அந்தக் கழி. பிழைப்புக்கான கழியை எறிந்துவிட்டுப் பரிசை யாரும் பெற முடியாது.

மக்களாட்சி பற்றிய உரைகளே எனக்கு மிக முக்கியமானவை. உரிமை வேறு, திறமை வேறு என்று அவர் பிரித்தார். ஆட்சியின் உரிமை முழுவதும் மக்களுடையது. ஆட்சி நடத்தும் திறமை வல்லுநர்களுடையது. மூவரசர் காலக் கதையில் வரும் அ தோவ் என்ற இளவரசன் திறமையற்றவன். ஆனால் அரியணை அவனுடையது. அறிவாளியான அமைச்சர் ஜூகே லியாங்கை நம்பி நாட்டை ஒப்படைத்தான். இன்று 40 கோடி மக்களும் அ தோவ் என்றால், அவர்கள் தங்களுக்கு ஜூகே லியாங்குகளைத் தேடிக்கொள்ள வேண்டும். ஷாங்காயில் தாம் காரில் சென்றதையும் சொன்னார். கால் மணி நேரத்தில் ஹோங்கோ பகுதிக்குப் போயாக வேண்டும். ஓட்டுநர் சுற்று வழியில் திருப்பியபோது உள்ளுக்குள் கோபம் வந்தது. ஆனால் நெரிசலைத் தவிர்த்து நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மக்கள் காரின் உரிமையாளர், அரசு அதன் ஓட்டுநர்.

உரிமையாளருக்கு அவர் நான்கு அதிகாரங்கள் கொடுத்தார்: தேர்ந்தெடுப்பது, திரும்ப அழைப்பது, தாமே சட்டம் முன்மொழிவது, சட்டத்தின் மீது வாக்கெடுப்பு நடத்துவது. ஓட்டுநருக்கு ஐந்து: சட்டம் இயற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மேற்கத்திய மூன்றோடு, சீனத்தின் பழைய அரசுத் தேர்வு முறையிலிருந்து தேர்வதிகாரம், பழைய தணிக்கை அதிகாரிகளின் மரபிலிருந்து கண்காணிப்பு. தேர்வெழுதித் தகுதி பெறாதவர் வேட்பாளராகவே நிற்கக் கூடாது என்பது வரை அவர் சென்றார். மரபையும் புதுமையையும் இவ்வளவு துணிவாகப் பொருத்திய வேறொரு அரசியல் அமைப்பை அக்காலத்தில் காண்பது அரிது. ஆனால் அந்த ஓட்டுநர் கதை எனக்கு நெருடலாகவே இருக்கிறது. போக வேண்டிய இடம் பயணிக்குத் தெரியும், வேண்டாமென்றால் இறங்கிக்கொள்ளலாம். படையைக் கையில் வைத்திருக்கும் ஆட்சியாளரிடமிருந்து அப்படி இறங்கிவிட முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் மாளிகை மீதே பீரங்கி திரும்பியதைக் கண்டவர் இந்தக் கேள்வியை அந்த உரைகளில் போதுமான அளவு எழுப்பவில்லை.

வியாழக்கிழமை, வூஹான்

அதிவேக ரயிலில் வடக்கே. வூச்சாங்கில் செங்கல் நிறத்தில் நிற்கும் செங்கட்டடம், சிங் அரசு தன் அரசியல் சீர்திருத்தத்துக்காக 1910-இல் ஹூபெய் மாகாண மன்றத்துக்குக் கட்டியது. 1911 அக்டோபர் 10-இல் எழுச்சி வென்றதும் புரட்சியின் இராணுவ அரசு அங்கேயே அமர்ந்தது. சன் அப்போது அமெரிக்காவில் டென்வர் நகரில் இருந்தார். செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

புரட்சி நடந்தால் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று அவர் 1906-லேயே எழுதி வைத்திருந்தார். முதலில் 3 ஆண்டு இராணுவ ஆட்சி. அடுத்து 6 ஆண்டு, மக்களுக்கும் இராணுவ அரசுக்கும் இடையே உரிமை, கடமைகளை வகுத்த தற்காலிகச் சட்டத்தின் கீழ் உள்ளூர்த் தன்னாட்சி. அதன் பிறகே அரசியலமைப்பு ஆட்சி. செங்கட்டடத்தின் அறைகளைச் சுற்றி வரும்போது, நடந்தது வேறு என்பது தெளிவாகிறது. மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, சமரசம் பேசினார்கள், இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்து நேரே அரசியலமைப்புக்குப் போனார்கள்.

சனிக்கிழமை, நாஞ்சிங்

அதிபர் மாளிகை வளாகத்தின் மேற்குத் தோட்டத்தில் மஞ்சள் வண்ணத்தில் ஒற்றை மாடி அலுவலகம். 1912 ஜனவரி 1 இரவு இந்த வளாகத்தில்தான் அவர் தற்காலிக அதிபராகப் பதவியேற்றார். பெரும்பான்மையினரான ஹான், மஞ்சு, மங்கோல், ஹுய், திபெத்தியர் ஆகிய ஐந்து இனங்களின் ஒன்றியம் இந்தக் குடியரசு என்று அன்று அறிவித்தார். ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 15-இல், ஊதா மலையில் உள்ள, மஞ்சுக்களுக்கு முன் ஆண்ட மிங் வம்ச நிறுவனரின் சமாதிக்குச் சென்று, அந்நிய ஆட்சி நீங்கியது என்று வணங்கிச் சொன்னார். ஐந்து இன ஒன்றியமும், ஹான் பேரரசரின் சமாதியில் செய்த முறையீடும் ஒருவரிடமே ஒரே பருவத்தில் இருந்தன. 1920-களில் அவர் ஐந்து இனம் என்பதையே கைவிட்டு, எல்லாரும் ஒரே தேசமாகக் கரைய வேண்டும் என்றார். திபெத்தியருக்கும் மங்கோலியருக்கும் அதில் என்ன இடம் என்ற கேள்வி அவருடைய தேசியத்தின் தீராத குறையாகவே நின்றுவிட்டது.

அதிபர் பதவியை அவர் வடக்கின் படைத்தலைவர் யுவான் ஷிகாயிடம் விட்டுக்கொடுத்தார். தேர்தலில் வென்ற கோமிண்டாங் கட்சியின் முன்னணித் தலைவர் சோங் ஜியாவ்ரென் 1913 மார்ச்சில் ஷாங்காய் ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இறந்தார். யுவானை எதிர்த்து எழுந்த இரண்டாம் புரட்சி தோற்றது. 1914-இல் டோக்கியோவில் அவர் அமைத்த புதிய கட்சியில் சேருவோர் அவருக்கே கீழ்ப்படிவதாகக் கைரேகை வைத்து உறுதி தர வேண்டும் என்றார். ஹுவாங் சிங் மறுத்துவிட்டார். அதே மனிதர் 1917-இல், கூட்டம் நடத்துவது எப்படி, தீர்மானத்தை முன்மொழிவதும் வழிமொழிவதும் திருத்துவதும் எப்படி, வாக்கெடுப்பது எப்படி என்று விதி விதியாக விளக்கும் ஒரு கையேட்டையும் எழுதினார். கைரேகையும் கையேடும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள். எனக்கு அந்தக் கையேடு எழுதிய சன்னிடமே மதிப்பு அதிகம்.

பிற்பகல் ஊதா மலைச்சரிவில் அவருடைய சமாதிக்கு 392 படிகள் ஏறினேன். கீழிருந்து பார்த்தால் படிகள் மட்டுமே தெரிகின்றன. மேலிருந்து திரும்பினால் படி ஒன்றும் தெரியாமல் மேடைகள் மட்டுமே தெரிகின்றன. கட்டடக் கலைஞர் லூ யான்ஜியின் அமைப்பு அப்படி. மண்டபத்தின் மூன்று வாயில்களின் மேல் மூன்று கோட்பாடுகளின் பெயர்கள். உள்ளே பிரெஞ்சுச் சிற்பி பால் லாண்டோவ்ஸ்கி வடித்த அமர்ந்த சிலை. இரு பக்கச் சுவர்களிலும் கருங்கல்லில், சன்னின் கையெழுத்திலேயே, 1924 ஏப்ரலில் எழுதிய நாட்டுப் புனரமைப்பின் அடிப்படைகள். மொத்தம் 25 விதிகள். உடன் வந்த கல்லூரி மாணவி எட்டாவது விதியை எனக்காக நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். இராணுவ ஆட்சிக்கும் அரசியலமைப்பு ஆட்சிக்கும் இடைப்பட்ட பயிற்சிக் காலத்தில் அரசு தேர்ச்சி பெற்றவர்களை ஒவ்வொரு வட்டத்துக்கும் அனுப்ப வேண்டும். மக்கள்தொகை கணக்கெடுக்கப்பட்டு, நிலம் அளக்கப்பட்டு, காவல் ஏற்பாடு முடிந்து, சாலைகள் அமைந்து, மக்கள் நான்கு அதிகாரங்களையும் பயன்படுத்தப் பழகிய பிறகு, அந்த வட்டம் தன் அதிகாரிகளைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பாதிக்கு மேற்பட்ட மாகாணங்கள் முழுமையாக இந்த நிலையை அடைந்தால், தேசிய மன்றம் கூடி அரசியலமைப்பை வெளியிட வேண்டும் என்கிறது 23-ஆம் விதி.

"இதில் எத்தனை ஆண்டு என்று எங்கேயாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். அவர் இரு சுவர்களையும் மறுபடி பார்த்துவிட்டு, "இல்லை ஐயா" என்றார். 1906-இல் இருந்த 3 ஆண்டும் 6 ஆண்டும் 1924-இல் இல்லை. இடையில் கண்ட தோல்விகள் அந்த எண்களை எடுத்துவிட்டன. ஒரு வட்டம் தேறிவிட்டதா என்று அளக்க நல்ல அளவுகோல்களைக் கொடுத்தவர், தேறிவிட்டது என்று அறிவிக்கும் வேலையைப் பயிற்சி கொடுக்கும் அரசிடமே விட்டார்.

அவர் 1925 மார்ச் 12-இல் பெய்ஜிங்கில் இறந்தார். 1929 ஜூன் 1-இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1928-இல் கோமிண்டாங் பயிற்சிக் காலத்தைத் தொடங்கியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1947 டிசம்பரில். 1949-இல் அந்த அரசு தைவானுக்குப் பெயர்ந்தது, ஐந்து அதிகாரங்களுக்கான ஐந்து மன்றங்களும் அதனோடு சென்று இன்றும் அங்கே இயங்குகின்றன. அங்கே இராணுவச் சட்டம் 1987 வரை நீடித்தது. மக்கள் தங்கள் அதிபரை முதன்முறையாக நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1996-இல். எட்டாவது விதி கேட்ட மக்கள்தொகைக் கணக்கும் நில அளவையும் காவல் ஏற்பாடும் சாலைகளும் அந்தத் தீவில் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தன.